கான்மேன்: ஒரு கடிகாரத் திருட்டில் பிறந்த சொல்

நாளிதழைத் திறந்தால் வேலை வாங்கித் தருவதாக மோசடி, நில மோசடி, நகைச்சீட்டு மோசடி, ஆன்லைன் மோசடி என எல்லாமே மோசடிதான். எந்த வகையில் ஏமாற்றினார்கள் என்பதை அந்த ஒற்றைச் சொல் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் ஏமாற்றைக் குறிக்கும் சொற்கள் பல, ஒவ்வொரு தந்திரத்தை ஒட்டிப் பிறந்தவை. தமிழிலும் இவற்றுக்குச் சொற்கள் இருக்கின்றன. எடுத்துப் புழங்கத்தான் தயங்குகிறோம்.

ஏமாற்றுக்காரனைக் குறிக்கும் கான்மேன் என்பது 'கான்ஃபிடன்ஸ் மேன்' என்பதன் சுருக்கம். கான்ஃபிடன்ஸ் என்றால் நம்பிக்கை. 1840-களின் இறுதியில் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்று ஒருவன் இருந்தான். நேர்த்தியாக உடுத்திக்கொண்டு, தெருவில் போகும் வசதியான மனிதரிடம் பழகியவன் போலப் பேச்சுக் கொடுப்பான். சற்று நேரம் பேசிய பிறகு, நாளை வரை கடிகாரத்தைத் தன்னிடம் விட்டுவைக்கும் அளவுக்குத் தன்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பான். இல்லை என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? கூச்சப்பட்டுக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். 1849 மே மாதம் 110 டாலர் மதிப்புள்ள தங்கக் கடிகாரத்தை இப்படிப் பறிகொடுத்த தாமஸ் மெக்டொனால்டு, ஜூலையில் லிபர்ட்டி தெருவில் அவனைத் தற்செயலாகப் பார்த்துப் போலீஸ்காரரிடம் பிடித்துக்கொடுத்தார். 'நியூயார்க் ஹெரால்டு' நாளிதழ் அந்தக் கைதுச் செய்தியில் அவனைக் கான்ஃபிடன்ஸ் மேன் என்று எழுதியது. பெயர் நிலைத்துவிட்டது. 1857-இல் அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் அதையே தம் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார்.

கான்மேன் பூட்டை உடைப்பதில்லை, கத்தியைக் காட்டுவதில்லை. பொருளை நம் கையாலேயே எடுத்துக் கொடுக்க வைக்கிறான். இவனுக்குத் தமிழில் எத்தன் என்று பெயர். எத்துதல் என்றால் வஞ்சித்தல். எத்திப் பிழைக்கிறான், எத்தனுக்கு எத்தன் என்றெல்லாம் சொல்லிவந்தவர்கள்தாம் நாம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி வாங்குகிறவன் அச்சு அசலான எத்தன்.

கான்மேனை 'நம்பிக்கை மோசடிக்காரர்' என்று மொழிபெயர்த்தால் குழப்பம் வரும். நம்பிக்கை மோசடி என்பது சட்டத்தில் வேறொரு குற்றம்: முறையாக ஒப்படைக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ பின்னர் கையாடுவது. சங்கத்துப் பணத்தைப் பொருளாளர் எடுத்துக்கொள்வது அதில் சேரும். எத்தனுக்கோ முதல் வணக்கம் சொல்லும்போதே வஞ்ச எண்ணம் இருக்கிறது. அதனால் அவன் செய்வது சீட்டிங், அதாவது ஏமாற்றுதல். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் நம்பிக்கை மோசடியை 405-ஆம் பிரிவிலும் சீட்டிங்கை 415-ஆம் பிரிவிலும் தனித்தனியாக வரையறுத்தது. ஏமாற்றிச் சொத்தைப் பெறுவதற்குத் தண்டனை சொன்ன பிரிவுதான் ஊரறிந்த 420. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பேச்சு வழக்கில் 420 அவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சீட் என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பு இன்னும் வியப்பானது. அதற்குத் தாய்ச்சொல் எஸ்சீட். இடைக்கால இங்கிலாந்தில் வாரிசில்லாமல் ஒருவர் இறந்தால் நிலம் பிரபுவுக்கோ அரசருக்கோ போய்ச்சேரும். அந்த ஏற்பாட்டின் பெயர் அது. அரசருக்காக இதைக் கவனித்த அதிகாரிகள் எஸ்சீட்டர்கள். வாரிசு இருந்தும் இல்லை என்று சாதித்து நிலத்தை வளைத்துப்போடுவதாக அவர்கள்மேல் மக்களுக்குக் கசப்பு இருந்தது. எஸ்சீட் தேய்ந்து சீட் ஆயிற்று, பொருளும் ஏமாற்றுதல் என்று மாறிற்று. மூலச் சொல் சட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது: வாரிசில்லாச் சொத்து அரசைச் சேர்வது பற்றிய நம் அரசமைப்புச் சட்டத்தின் 296-ஆம் பிரிவில் அதைக் காணலாம்.

ஹுட்விங்க் என்பதற்கு முதலில் கண்ணைக் கட்டுதல் என்றே பொருள். நம்முடைய 'கண்ணைக் கட்டி ஏமாற்றுதல்' அதற்கு அப்படியே பொருந்தும். மந்திரவாதிகள் முணுமுணுத்த 'ஹோகஸ் போகஸ்' என்பதிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஹோக்ஸுக்குப் புரளி என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. வெடிகுண்டு மோசடி என்று யாரும் எழுதுவதில்லை, வெடிகுண்டுப் புரளி என்றே எழுதுகிறார்கள். இப்படித்தான் மற்றவற்றையும் எழுத வேண்டும்.

ஏமாந்தவரைக் குறிக்கும் டூப் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. சினிமாவில் சண்டைக் காட்சிக்கு வரும் டூப் வேறு. அது டூப்ளிகேட்டின் சுருக்கம். பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம், நம் வயல்வெளிகளில் கொண்டை விரித்து நடக்கும் கொண்டலாத்தியின் பெயர் என்பார்கள். அந்தப் பறவையை மடத்தனத்துக்கு அடையாளமாக அங்கே பார்த்திருக்கிறார்கள். நீண்ட வளைந்த அலகால் மண்ணைக் குத்திப் புழுவை இழுத்தெடுக்கும் கெட்டிக்காரப் பறவைக்கு இது பெரிய அநியாயம். தமிழில் ஏமாளி என்பதிலும் இதே ஏளனம் உண்டு. பணத்தை இழந்து காவல் நிலையத்துக்கு வருகிறவரை அப்படி எழுதக் கூடாது. ஏமாற்றப்பட்டவர் என்று எழுதினால் ஏமாற்றிய ஒருவன் இருக்கிறான் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.