"உணவுப் பாதுகாப்பின்மை"ன்னா கெட்டுப்போன சாப்பாடா?

ஹவுஸ்ஹோல்ட் ஃபுட் இன்செக்யூரிட்டிங்கிறத "வீட்டு உணவுப் பாதுகாப்பின்மை"ன்னு பெயர்த்திருக்கிறத மறுபடியும் ஒரு கட்டுரையில பாத்தேன், இனிமே எழுதாம இருக்க முடியாது. அமெரிக்காவுல ஏழைக் குடும்பங்களுக்குக் குடுக்குற உணவு உதவி பத்தின ஆராய்ச்சி அது, நல்ல விஷயம், ஆனா தலைப்புலயே சொல்லு காலை வாரிருச்சு. காரைக்குடி கடைவீதியில யார்கிட்ட வேணும்னாலும் இந்தச் சொல்லச் சொல்லிப் பாருங்க, பல்லி விழுந்த சாம்பாரும் தேதி முடிஞ்ச பாக்கெட்டும் ஹோட்டல் ரெய்டும்தான் அவங்களுக்கு ஞாபகம் வரும். சொல்ல வந்தது அது இல்ல. இருக்கிற அரிசி தீர்ந்தா அடுத்தது வாங்கக் காசு இருக்குமான்னு தெரியாத நெலமை, ஃபுட் இன்செக்யூரிட்டிங்கிறது அதுதான்.

வேர் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். செக்யூர்ங்கிறது லத்தீன்ல செக்கூருஸ். சே-ன்னா இல்லாம, கூரா-ன்னா கவலை, ஆகக் கவலையில்லாம இருக்கிறது. சேஃப்டி வேற வேர், சால்வுஸ், சேதமில்லாம முழுசா இருக்கிறது. 1974ல ரோம்ல நடந்த உலக உணவு மாநாட்டுல ஃபுட் செக்யூரிட்டின்னா பெரும்பாலும் நாட்டோட கையிருப்பு, தானிய விலை பத்தின பேச்சு. 1996ல அதே ரோம்ல கூடினப்ப எல்லா மனுஷருக்கும் எல்லா நேரமும் போதுமான, சத்தான சாப்பாடு கைக்கு எட்டணும், வாங்க வசதியும் இருக்கணும்னு விரிச்சாங்க. பேச்சு நாட்டுக் களஞ்சியத்தத் தாண்டி அடுப்படி வரைக்கும் வந்துச்சு.

நம்ம என்ன செஞ்சோம்? ரெண்டு வேருக்கும் ஒரே பாதுகாப்பப் போட்டோம். 2006ல வந்த கலப்படம், தரம் பத்தின சட்டமும் உணவுப் பாதுகாப்பு, 2013ல வந்த ரேஷன் அரிசிச் சட்டமும் உணவுப் பாதுகாப்பு. ஒண்ணு கடையில சாம்பிள் எடுக்கிறதுக்கு, இன்னொண்ணு குடும்பத்துக்கு அரிசி கெடைக்கிறதுக்கு. காப்புன்னா வெளியிலேர்ந்து வர்ற கெடுதல்லேர்ந்து காக்குறது, அதனால சுத்தம், கலப்படம் பத்திப் பேச பாதுகாப்பு ரொம்பப் பொருத்தம், அத அங்கயே விட்டுடணும்ங்கிறது என் கருத்து. பானையில அரிசி இல்லாதவனுக்கு எதைக் காப்பாத்துறது?

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துல கணக்கெடுக்க வந்த பிள்ளைக "உங்க வீட்ல உணவுப் பாதுகாப்பின்மை இருக்கா"ன்னு கேட்டாங்களாம், அந்த ஆச்சி "இல்லப்பா, எல்லாம் மூடித்தான் வச்சிருக்கேன்"னு சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுல அந்த வாரம் ஒரு வேளைதான் உலை வச்சது. தாள்ல "இல்லை"ன்னு விழுந்துருச்சு, ஆச்சி மேல எந்தத் தப்பும் இல்ல.

அமெரிக்காவுல இத அளக்க 18 கேள்வி வச்சிருக்காங்க, பிள்ளைக இல்லாத குடும்பத்துக்கு 10. மொத கேள்வியே வயித்தப் பத்தி இல்ல, கவலையப் பத்தி. கையில காசு வர்றதுக்குள்ள சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துருமோன்னு கடந்த 12 மாசத்துல கவலைப்பட்டீங்களான்னு. அப்புறம் வாங்கினது பத்தலையா, சத்தா சாப்பிட முடியலையா, வேளைய விட்டீங்களா, நாள் முழுக்கச் சாப்பிடாம இருந்தீங்களான்னு படிப்படியா இறங்கும். மூணுக்கு ஆமான்னா இந்தக் கணக்குல சேத்துருவாங்க. அதனால "பட்டினி"ன்னும் பெயர்க்க முடியாது, பட்டினி கடைசிப் படி. "உணவுப் பற்றாக்குறை"யும் சரியில்ல, அது சந்தையில சரக்கு இல்லாத நெலமை, இங்க கடை நெறைய சரக்கு இருக்கு, வாங்கத்தான் வழியில்ல. "தன்னிறைவின்மை" நாட்டோட விளைச்சல் பத்தினது.

நான் சொல்றது உணவு உறுதியின்மை. உறுதின்னா கெட்டின்னு அர்த்தம் வருமேன்னு ஒரு நண்பர் மறுத்தார், அப்படின்னா வேலை உறுதித் திட்டம்னு சொல்றப்ப கெட்டியான வேலைன்னு யாராவது நெனச்சாங்களா? கெடைக்கும்ங்கிற நிச்சயம்னுதானே எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. பேச்சுல சோத்துக் கவலைன்னாலே போதும், லத்தீன் வேருக்கும் அதுதான் கிட்டக்க வருது. அன்னாடங்காய்ச்சின்னு அதே நெலமையில இருக்கிற ஆளுக்கே நம்மகிட்ட பேரு இருக்கு, அப்புறம் எதுக்கு இந்தப் பாதுகாப்பின்மை?

"வீட்டு"ங்கிறதும் தப்பு. செட்டிநாட்டுக்காரங்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஒரே வீட்டுக்குள்ள கல்யாணமான மகன வேறு வச்சு, தனி அடுப்பு, தனிச் சாமான், தனி வரவுசெலவுன்னு நடத்துன ஊரு இது. வளவுங்கிற உள்முற்றத்தச் சுத்தி நாலு அடுப்பு எரிஞ்சா வீடு ஒண்ணு, குடும்பம் நாலு. சென்சஸ் கணக்கும் ஒரே சமையல்ல சாப்பிடுறவங்களத்தான் ஒரு குடும்பம்னு எடுக்குது. ரேஷன் கார்டுக்கே குடும்ப அட்டைன்னுதான் பேரு. அதனால குடும்ப உணவு உறுதியின்மைன்னு முழுசா எழுதுங்க.

இதே கட்டுரையில "உணவு முத்திரைத் திட்டம்"னும் இருந்துச்சு, அமெரிக்காவோட ஃபுட் ஸ்டாம்ப் உதவியத்தான் அப்படிப் பெயர்த்திருக்காங்க. 1939ல தொடங்கினப்ப நெசமாவே ஸ்டாம்புதான், ஆரஞ்சும் நீலமும். அப்புறம் கூப்பன், இப்ப கார்டு, 2008ல பேரே மாறி ஸ்னாப் ஆயிருச்சு. இன்னும் முத்திரைன்னா படிக்கிறவரு தபாலாபீஸத் தேடுவார். உணவு உதவி அட்டைன்னா வேலை முடிஞ்சுது. மொழிபெயர்க்கிறவங்க அகராதிய மட்டும் பாக்குறாங்க, அந்த ஊர்ல அந்தப் பொருள் இப்ப எப்படி இருக்குன்னு பாக்குறதில்ல.

எனக்கு ரொம்ப வருத்தம் குடுத்தது இன்னொரு வரி. உதவி வாங்குறவங்ககிட்ட இந்த நெலமை, தகுதி இருந்தும் வாங்காதவங்கள விட அதிகமா தெரியுதுங்கிறது இந்தத் துறையில ரொம்ப நாளா பேசப்படுற சிக்கல். காரணம், நெருக்கடி முத்தினவங்கதான் முதல்ல போய் விண்ணப்பிக்கிறாங்க, உதவியால கஷ்டம் வந்துச்சுன்னு அர்த்தமில்ல. மொழிபெயர்த்தவரு அத "உணவு உதவி பெறுவோரிடம் உணவுப் பாதுகாப்பின்மை அதிகம்"னு எழுதிட்டுப் போயிட்டாரு. படிக்கிறவன் என்ன நெனப்பான்? சர்க்கார் குடுக்குற சாப்பாடு கெட்டதுன்னு நெனப்பான். இங்க ரேஷன் அரிசியப் பத்தி ஏற்கனவே அப்படிப் பேச ஆள் இருக்கு, அவங்க கையில இந்த வரி கெடைச்சா போதும். "உணவு உதவிக்கு விண்ணப்பிக்கிறவங்க ஏற்கனவே சோத்துக் கவலையில இருக்கிறவங்க, அதனால அவங்க மத்தியில உணவு உறுதியின்மை கூடுதலா தெரியுது"ன்னு எழுதியிருக்கலாம், ஒரு வரி நீளும், அவ்வளவுதான்.