லினக்ஸுக்கு கிராபிக்ஸ் கார்டா? எத்தன ஜிபின்னு அப்புறம் கேளுங்க, டிரைவர் இருக்கான்னு மொதல்ல பாருங்க

"சார், கார்டு ஒண்ணு போடணும், பட்ஜெட் கம்மி, 4 ஜிபி இருந்தா போதும்". சிஸ்டம் அசெம்பிளியும் சர்வீஸும் பண்ற எனக்கு வர்ற போன்ல பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். விண்டோஸ்னா இத வச்சே பேச்ச முடிச்சிரலாம். உபுண்டு, மின்ட், டெபியன்னு ஏதாவது ஒரு லினக்ஸ் ஓடுற சிஸ்டம்னா நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், அந்தக் கார்டுக்கு டிரைவர் (கார்ட சிஸ்டத்தோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) இப்ப யாரு எழுதுறா, இன்னும் எழுதுறாங்களா இல்ல நிறுத்திட்டாங்களா? ஏன்னா லினக்ஸ்ல கார்டே செத்துப்போய் வர்ற கேஸ விட, கார்டு நல்லா இருந்தும் டிரைவர் நின்னுபோய் வர்ற கேஸ்தான் எங்கிட்ட ஜாஸ்தி.

என்விடியாவோட ஜிடி 710ஐயே எடுத்துக்கோங்க. இன்னமும் கடைல சீல் பிரிக்காத பெட்டியா கிடைக்குது, விலையும் கம்மி, அதனால புதுசுன்னு நெனச்சு வாங்கிடுறாங்க. உள்ள இருக்கறது 2012ல வந்த கெப்ளர் தலைமுறை. அதுக்கு என்விடியா குடுத்த கடைசி டிரைவர் 470 வரிசை, அதையும் 2024 செப்டம்பரோட நிறுத்தியாச்சு. இனிமே வர்ற கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) அது கம்பைல் ஆகணும்னா யாராவது பேட்ச் போட்டாத்தான் உண்டு, இல்லேன்னா ஒருநாள் அப்டேட் முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆகும்போது கருப்பு ஸ்கிரீன் வந்து நிக்கும். ஜிடி 730 இதவிடக் குழப்பம். ஒரே பேர்ல ரெண்டு தலைமுறை சிப்பு வித்தாங்க, மெமரி பஸ் 64 பிட்னு போட்டிருந்தா கெப்ளர், 128 பிட்னு போட்டிருந்தா அதுக்கும் முந்தின ஃபெர்மி. பிட் ஜாஸ்தின்னு சந்தோஷமா எடுத்துட்டு வர்றாங்க பாருங்க, அதுதான் பழசு! அதோட 390 டிரைவர் 2022 கடைசியிலயே முடிஞ்சு போச்சு.

செகண்ட்ஹேண்ட்ல நல்லா ஓடுற 1050 டிஐ, 1060 எல்லாம் பாஸ்கல். அதுக்கு 580 வரிசைதான் கடைசி. இப்போதைக்கு ஓடும், ஆனா அஞ்சு வருஷம் வச்சுக்கலாம்னு கணக்கு போட்டு வாங்காதீங்க. "அதான் நூவோன்னு ஓப்பன் டிரைவர் இருக்கே"ன்னு சிலர் கேப்பாங்க. இருக்கு, டெஸ்க்டாப்பும் வரும். ஆனா 900, 10 சீரிஸ் கார்டுல என்விடியா கையெழுத்து போட்ட ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஓடுற சின்ன சாஃப்ட்வேர்) இல்லாம கிளாக் ஸ்பீட ஏத்த முடியாது, அதனால பூட் ஆகும்போது இருந்த வேகத்துலயே கடைசி வரைக்கும் நொண்டும்.

இதுக்காக என்விடியாவே வேணாம்னு சொல்ல வரல. 2012ல ஃபின்லாந்துல ஒரு மேடைல லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவப் பாத்து நடுவிரல் காட்டினத இன்னமும் மீம் போட்டுட்டு இருக்கோம், ஆனா நெலம அப்படியே இல்ல. 2022 மே மாசம் கெர்னல் மாட்யூல ஓப்பன் சோர்ஸ் பண்ணாங்க, ட்யூரிங்லருந்து மேல, அதாவது 1650, ஆர்டிஎக்ஸ் 20 சீரிஸ்லருந்து இது வேலை செய்யும், ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸுக்கு இந்த ஓப்பன் மாட்யூல் மட்டும்தான். வேலேண்ட்ல (லினக்ஸ்ல ஸ்கிரீன வரையற புது முறை) ஸ்கிரீன் மின்னி மின்னி உயிர வாங்கினது கூட 2024ல 555 டிரைவர் வந்தப்புறம் பெருசா கொறஞ்சிருச்சு. கூடா (என்விடியா கார்டுல கணக்கு போட வைக்கிற சாஃப்ட்வேர்) வச்சு மெஷின் லேர்னிங் படிக்கிற புள்ளைங்களுக்கு நான் யோசிக்காம என்விடியாதான் சொல்வேன், அதே வேலைக்கு இருக்கற ஏஎம்டியோட ராக்எம்ல அதிகாரபூர்வமா சப்போர்ட் பண்ற கார்டு லிஸ்ட் சின்னது.

என்விடியா போட்டா ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத டிரைவர உள்ள விடாத செட்டிங்) ஆன்ல இருந்தா டிரைவர் இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், அடுத்த பூட்ல ஒரு நீல ஸ்கிரீன் வரும், அதுல என்ரோல் மோக்னு குடுத்து அதே பாஸ்வேர்ட போடணும். அது என்னமோ எர்ரர்னு பயந்து கன்டினியூ தட்டிட்டு, "டிரைவர் போட்டும் கார்ட எடுக்கல"ன்னு சிபியுவத் தூக்கிட்டு வந்துர்றாங்க. கார்டுல ஒரு குத்தமும் இருக்காது.

வீட்டுக்கு, ஆபீஸுக்கு, கொஞ்சம் கேமுக்குன்னா என் ஓட்டு ஏஎம்டிக்குத்தான். டிரைவர் கெர்னலுக்குள்ளயே இருக்கு, மேல மெசாங்கற ஓப்பன் கிராபிக்ஸ் லைப்ரரி பாத்துக்கும், நீங்க தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம். ஆர்எக்ஸ் 6600 நான் அதிகமா போட்டுக் குடுக்கிற கார்டு, 8 ஜிபி, 132 வாட்ஸ், ஒரே ஒரு 8 பின் கனெக்டர். ஆனா காசு மிச்சம் பண்றேன்னு 6400, 6500 எக்ஸ்டி பக்கம் போறவங்க கவனிங்க, அந்த ரெண்டுலயும் வீடியோ என்கோடர் கிடையாது, ஓபிஎஸ்ல ரெக்கார்ட் பண்ணா லோடு முழுக்க பிராசஸர் தலைல. போதாததுக்கு போர்டோட டேட்டா போய்வர நாலே நாலு பிசிஐஇ லேன், பழைய போர்டுல சொருகுனா அதுலயும் வேகம் போகும்.

புத்தம்புது கார்டுலயும் மாட்டிக்குவாங்க, இது வேற கதை. ஆர்எக்ஸ் 9070 வந்தது 2025 மார்ச், டெபியன் 12ல இருக்கற கெர்னல் 6.1. அந்தக் கெர்னலுக்கு இப்படி ஒரு கார்டு பொறந்ததே தெரியாது. கெர்னல், மெசா, ஃபர்ம்வேர் மூணும் கார்ட விட புதுசா இருக்கணும், அவ்ளோதான். இன்னொண்ணு, 4கே 120 ஹெர்ட்ஸ் டிவில போடணும்னு ஆசைப்பட்டா ஏஎம்டில ஹெச்டிஎம்ஐய நம்பாதீங்க, அதுக்கு வேண்டிய ஹெச்டிஎம்ஐ 2.1ஐ ஓப்பன் டிரைவர்ல போட, அந்தத் தரத்த வச்சிருக்கற ஹெச்டிஎம்ஐ ஃபோரம் 2024ல ஒத்துக்கல. டிஸ்ப்ளேபோர்ட் இருக்கற மானிட்டரா பாத்து எடுங்க.

இன்டெல் ஆர்க் பத்தியும் கேக்குறாங்க. ரீசைஸபிள் பார் (கார்டோட மெமரி முழுசையும் பிராசஸர் ஒரே மூச்சுல எடுத்துக்கற வசதி) இல்லாத பழைய போர்டுல போட்டா காசுக்குப் பிரயோஜனம் இல்ல.

டைப்பிங், டேலி, பிரௌசர், யூடியூப்தான்னா கார்டே எதுக்கு? 5600ஜி மாதிரி பிராசஸர்லயே கிராபிக்ஸ் இருக்கு. இன்டெல்ல 12400எஃப் மாதிரி கடைசில எஃப் இருந்தாத்தான் கார்டு கட்டாயம்.

செகண்ட்ஹேண்ட் வாங்கப் போறப்ப ஒரு பென்டிரைவ்ல லைவ் உபுண்டு (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுறது) எடுத்துட்டுப் போங்க. பழைய ஃபெர்மி சிப்புல பயாஸ மாத்தி 1050 டிஐன்னு விக்கிற டுபாக்கூர் கார்டு நெறைய சுத்துது, விண்டோஸ்ல பேரு கரெக்டா காட்டும். லினக்ஸ்ல நூவோ நேரா சிப்புகிட்டயே கேட்டு டிமெஸ்ஜி லாக்ல (கெர்னல் எழுதற மெசேஜ்) உண்மைப் பேர எழுதி வச்சிரும், GFனு ஆரம்பிச்சா அது ஃபெர்மி, GPன்னு இருந்தாத்தான் பாஸ்கல். ஆர்எக்ஸ் 580ன்னு சொல்லி 2048எஸ்பி வகைய தள்ளிவிடறதும் எல்எஸ்பிசிஐ (lspci) கமாண்ட் அடிச்சா தெரிஞ்சிரும், அசல் 580க்கு 2304 ஷேடர் கோர், இதுல 2048தான், இது கிட்டத்தட்ட 570தான். விலைய அதுக்கேத்த மாதிரி கொறச்சுக் கேளுங்க. லைவ்ல பூட் பண்ணிப் பாக்க விடமாட்டேன்னு கடைக்காரர் அடம்பிடிச்சா பேசிட்டு நிக்காதீங்க, அடுத்த கடைக்குப் போங்க.