கன்ட்ரோலர்: கட்டுப்படுத்தியா, ஆட்டப்பிடியா?

வீடியோ கேம் ஆடுகிறவர் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, கட்டைவிரல்களால் பொத்தான்களை அழுத்தித் திரையில் இருக்கும் உருவத்தை ஓடவும் குதிக்கவும் வைக்கிற கருவிக்கு ஆங்கிலத்தில் கன்ட்ரோலர் என்று பெயர். எங்கள் வேலூர், காட்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் வாயில் அது பெரும்பாலும் ‘ரிமோட்’. அவர்களுக்குச் சற்று மூத்தவர்கள், குச்சியே இல்லாத கருவியையும் ‘ஜாய்ஸ்டிக்’ என்பார்கள். அகராதியைப் பார்த்து எழுதுகிறவர்கள் ‘கட்டுப்படுத்தி’ என்று எழுதுகிறார்கள். மூன்றாவது சொல் தமிழ்ச்சொல்தான் என்றாலும், அதை எழுதும்போதெல்லாம் எனக்கு ஏதோ இடறுகிறது. ஏன் இடறுகிறது என்று பார்க்கப் போய், அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் கணக்குப் புத்தகத்தில் இருப்பதைக் கண்டேன்.

இடைக்கால லத்தீனில் ‘கான்ட்ரா’ என்றால் எதிர். ‘ரோட்டுலஸ்’ என்றால் எழுதிச் சுருட்டி வைத்த சுருள். ஒருவர் எழுதிய கணக்கைச் சரிபார்ப்பதற்காக இன்னொருவர் தனியே எழுதி வைத்திருக்கும் எதிர்ச்சுருள்தான் ‘கான்ட்ராரோட்டுலஸ்’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, அந்தச் சுருளை வைத்துக்கொண்டு வரவு செலவு பார்த்த அரண்மனை அலுவலர் கன்ட்ரோலர் ஆனார். கணக்கைக் குறிக்கும் ‘கோம்ப்ட்’ என்ற பிரெஞ்சுச் சொல்லோடு உறவு இருப்பதாகத் தவறாக நினைத்து, பிற்காலத்தில் யாரோ எழுத்தை மாற்றி எழுத, ‘கம்ப்ட்ரோலர்’ பிறந்தது. கம்ப்ட்ரோலர் அண்ட் ஆடிட்டர் ஜெனரல் என்னும் பதவியைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்’ என்று எழுதும்போது, தெரிந்தோ தெரியாமலோ அந்தச் சொல்லை அதன் பிறந்த வீட்டுக்கே கொண்டுபோய் விட்டுவிடுகின்றன.

கணக்கைச் சரிபார்த்தல், அதனால் ஒருவரை அடக்கி வைத்தல், பிறகு அடக்கி நடத்துதல், கடைசியில் வெறுமனே நடத்துதல் என்று ஆங்கிலச் சொல் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறது. தமிழில் ‘கட்டுப்படுத்து’ என்பது அந்த நடையின் நடுவிலேயே நின்றுவிட்ட சொல். சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்துகிறோம், கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறோம், தீயைக் கட்டுப்படுத்துகிறோம். மூன்றிலும், மீறிப் போகிற ஒன்றை அடக்குவதுதான் வேலை. விளையாடுகிறவன் கையில் இருக்கும் கருவியோ, சும்மா நிற்கிற ஒன்றை ஓட வைக்கிறது. ‘இயக்கி’ என்று வைக்கலாம் என்றால், கணினித் துறையில் அதை டிரைவர் என்னும் மென்பொருளுக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள்.

‘ஜாய்ஸ்டிக்’ என்ற சொல்லும் விளையாட்டுக்காகப் பிறந்ததில்லை. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விமானிகள் தம் கால்களுக்கு இடையே இருந்த திருப்புகோலுக்கு வைத்த கொச்சைப் பெயர் அது. 1977-இல் வெளிவந்த அட்டாரி வீட்டு விளையாட்டுப் பெட்டியோடு அது வரவேற்பறைக்கு வந்தது. அந்தக் கருவியை நினைவில் வைத்திருப்பவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அடிக்கட்டையை இடக்கையால் பிடித்து, அதன் இடது மேல் மூலையில் இருந்த ஒரே சிவப்புப் பொத்தானை இடது கட்டைவிரலால் அழுத்தி, வலக்கையால் குச்சியை ஆட்ட வேண்டும். நின்டெண்டோ நிறுவனத்தின் குன்பேய் யோகோய் 1982-இல் கையடக்க விளையாட்டு ஒன்றுக்காகச் சிலுவை வடிவத் திசைப்பொத்தானை அமைத்தார். மறு ஆண்டு வந்த ஃபேமிகாம் பெட்டியிலும் அதுவே இருந்தது. திசை இடது கட்டைவிரலுக்கும், செயல் வலது கட்டைவிரலுக்கும் போயின. குச்சியில் தேறியவர்களுக்குக் கைகளின் வேலை இடம் வலமாக மாறிப்போனது. அன்று முதல் இன்றுவரை இந்தத் தொழிலில் பழகிய கைக்கும் புதிய கருவிக்கும் நடக்கும் வழக்கு தீர்ந்தபாடில்லை.

வழக்கு எப்படிப்பட்டது என்பதைக் காட்பாடி காந்தி நகரில் என் அக்கா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அக்கா மகன் பத்து ஆண்டுகளுக்கு மேலாக எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டியில் ஆடுகிறவன். அன்று நண்பனிடம் இரவல் வாங்கிய நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் வேறொரு பெட்டியின் கருவி அவன் கையில் இருந்தது. இரண்டு கருவிகளிலும் வலப்பக்கம் நான்கு பொத்தான்கள். இரண்டிலும் ஏ, பி, எக்ஸ், ஒய் என்ற அதே எழுத்துகள். ஆனால் எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்பக்கம். நின்டெண்டோவில் ஏ வலப்பக்கம், பி கீழே. எக்ஸும் ஒய்யும் அப்படியே இடம் மாறியவை. இரண்டிலும் பொதுவாக ஏ என்றால் ‘ஆகட்டும்’, பி என்றால் ‘வேண்டாம்’. ஆட்டத்தைச் சேமிக்கவா என்று திரை கேட்கும்; அவன் கட்டைவிரல் தன்னால் கீழ்ப்பொத்தானுக்குப் போகும்; திரையில் அந்தக் கேள்விப் பெட்டி மூடிக்கொள்ளும். மறுபடி திறப்பான், மறுபடி மூடும். நான்காவது முறை, “எழுத்து கண்ணுக்குத் தெரியுது மாமா, கைக்குத் தெரியல” என்றான். அதே கருவியில், அதற்குமுன் எதையும் தொட்டறியாத அவன் ஒன்பது வயதுத் தங்கை ஒரு மணி நேரத்தில் தடையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள்.

பிளேஸ்டேஷன் என்னும் இன்னொரு விளையாட்டுப் பெட்டியின் கதை இன்னும் வேடிக்கையானது. அதன் பொத்தான்களில் எழுத்துக்குப் பதில் வட்டம், பெருக்கல் குறி போன்ற உருவங்கள் இருக்கும். ஜப்பானில் வட்டம் சரிக்கும் பெருக்கல் குறி தப்புக்கும் அடையாளம். அங்கே நெடுங்காலம் வட்டப்பொத்தான்தான் ‘ஆகட்டும்’. மேலைநாட்டுக்குப் போன பெட்டிகளில் பெருக்கல் குறியே ‘ஆகட்டும்’ ஆயிற்று. நமக்கு வந்த வழக்கமும் அதுதான். வாத்தியார் சிவப்பு மையில் பெருக்கல் போட்டாலே வயிறு கலங்கி வளர்ந்த நம் பிள்ளைகள், அதே குறியை அழுத்தி ஆட்டத்தைத் தொடங்கப் பழகிக்கொண்டார்கள். 2020-இல் ஐந்தாம் பிளேஸ்டேஷன் வந்தபோது உலகம் முழுமைக்கும் பெருக்கலே ‘ஆகட்டும்’ என்று ஆக்கப்பட்டது. இந்த முறை தடுமாற்றம் ஜப்பானியரின் பங்குக்குப் போனது.

கற்றுத் தேர்ந்தவன் தடுமாறுவதும் கற்றுக்குட்டி தப்பிப்பதுமான இந்த நிலையைக் கல்வியியல் பாடநூல்கள் ‘எதிர்மறைப் பயிற்சி மாற்றம்’ என்கின்றன. ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்கு உதவாமல் குறுக்கே நிற்பது என்று பொருள். முற்றிலும் வேறான கருவியாக இருந்தால் இவ்வளவு இடையூறு இராது. ஏறக்குறைய ஒன்றாக இருந்து ஓரிடத்தில் மட்டும் மாறியிருப்பதுதான் கையை ஏமாற்றுகிறது.

இது எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமில்லை. வேலூரில் ஒரு தட்டச்சு நிலையத்தில் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கற்றவன் நான். அதில் ‘கெ’ என்று அடிக்க, கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி முதலில் கொம்பு, பிறகு ககரம். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் முதலில் ககரம், பிறகு எகரம். உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலக்கைக்கு. அது ஒலி வரிசை, அறிவுக்கு ஒத்த வரிசை என்பது எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. விரல்களுக்கு விளங்க நான்கு மாதம் ஆயிற்று. கணினியையே தொடாத என் தம்பி மனைவி பத்து நாளில் தமிழ்99-இல் கடிதம் அடித்துக் காட்டினாள்.

விரல் தானாகப் போகும் இந்தத் திறனை ஆங்கிலத்தில் ‘மசில் மெமரி’ என்கிறார்கள். அதைத் ‘தசை நினைவு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுவது இப்போது பரவி வருகிறது. அந்தத் தொடரின் இரண்டு பாதியும் பிழை. திறன் தசையில் தங்குவதில்லை; சிறுமூளையும் மூளையின் உட்பகுதிகள் சிலவும் அதைப் பேணுகின்றன. நாம் வழக்கமாக நினைவு என்று சொல்வதும் அது ஆகாது. 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்பவர், அதன்பின் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைக்க இயலாதவர் ஆனார். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கண்ணாடியில் தெரியும் நட்சத்திர உருவத்தைப் பார்த்து வரையும் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பயிற்சியை அன்றுதான் முதன்முதலாகச் செய்வதாக அவர் நம்பினார்.

தமிழில் இதற்கு உரிய சொல் எப்போதும் இருந்திருக்கிறது: கைப்பழக்கம். ‘பழகு’ என்பது பழைய, பழமை என்பவற்றோடு ஒரே வேரில் கிளைத்தது. கைக்கு ஒன்று பழையதாவதே பழகுதல். மனிதரோடு பழகுவதற்கும் அதே சொல்தான்; ஆகவே பழக்கமில்லாத கருவி என்றால் இதுவரை முகம் அறியாத கருவி என்றும் பொருள் தொனிக்கிறது. குடியாத்தத்தில் பீடி சுற்றும் என் அத்தை, மடியில் முறத்தை வைத்து, பேச்சு நிற்காமல் இலையைச் சுருட்டி நுனியை மடிப்பவர். பக்கத்து வீட்டுக்காரியின் கத்திரியை ஒருநாள் கொடுத்தபோது, இரண்டு இலை வெட்டிவிட்டு, “இது வாகா இல்லடா, கை பழகல” என்று திருப்பித் தந்துவிட்டார். தசை நினைவு என்னும் தொடர் அவருக்குத் தேவைப்படவில்லை.

இனி, கருவிக்குப் பெயர். ‘ஆட்டப்பிடி’ என்பது என் பரிந்துரை. கத்திப்பிடி, குடைப்பிடி என்று கையில் அடங்கும் பகுதிக்குப் ‘பிடி’ என்பது நம் பழைய வழக்கு. ஆட்டம் என்பது விளையாட்டையும் ஆட்டுவதையும் சேர்த்துக் குறிக்கும் என்பதால் ஜாய்ஸ்டிக்கையும் இதற்குள் அடக்கிவிடலாம். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்ப்பக்கத்தில் தெலுங்கு பேசுகிறவருக்கும் இது அந்நியமாகப் படாது. தெலுங்கிலும் ‘பிடி’ கைப்பிடிதான், ‘பிடிகிலி’ இறுக மூடிய கை. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ‘ஹிடி’ என்று வழங்குகிறது. யானையில் பெண்ணைக் குறிக்கும் பிடி வேறு சொல். இடம் நோக்கிப் பொருள் கொள்வதில் யாருக்கும் குழப்பம் வராது.

இச்சொல்லை நான் விரும்புவதற்கு அதன் வினைவடிவமே முதற்காரணம். ஒன்று விளங்கிவிட்டால் பிடிபட்டது என்கிறோம். விளங்காவிட்டால் பிடிபடவில்லை என்கிறோம். கையால் பற்றுவதும் அறிவால் பற்றுவதும் அங்கே ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. புதிய ஆட்டப்பிடியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அறிவில் பிடிபட்டதும் கையில் பிடிபடாததுமான இடைவெளிதான் தொல்லை.

மூன்று வாரம் கழித்து அக்கா மகனைத் தொலைபேசியில் விசாரித்தேன். “பிடிபட்டுச்சு மாமா. ஆனா இப்போ நம்ம பழைய ரிமோட்ட எடுத்தா அதுல தப்பா போவுது” என்றான்.