ஒரு குறளுக்குள் ஓடும் கணக்கு

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

ஏழே சீர்கள், அதாவது அடியை அளக்கும் ஏழே அலகுகள். முதல் இரண்டை மட்டும் இடம் மாற்றி, 'கசடறக் கற்க கற்பவை கற்றபின்' என்று படித்துப் பாருங்கள். பொருள் மாறவில்லை, உரைநடைக்கு இந்த வரிசைதான் இயல்பும்கூட. ஆனால் குறள் எழுதப்பட்டிருக்கும் வெண்பா என்ற யாப்பு உடைந்துவிட்டது.

காரணம் சீரின் உறுப்பான அசையில் இருக்கிறது. குறிலோ நெடிலோ தனியாகவோ மெய்யை ஒட்டியோ நின்றால் நேரசை. குறிலை அடுத்து, இடையில் மெய் இல்லாமல், இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரையசை. 'கற்/க' நேர் நேர். 'கச/டறக்' நிரை நிரை. 'கற்/பவை' நேர் நிரை. இலக்கணத்தார் இவற்றுக்குத் தேமா, கருவிளம், கூவிளம் என்று பெயரிட்டார்கள். தே/மா, கரு/விளம், கூ/விளம் என்று பிரித்தால் பெயரே வாய்பாடாகிவிடும். இவ்வளவு எளிதாக மனத்தில் தங்கும் குறியீடு அரிது.

ஈரசைச் சீர்களுக்கு வெண்பா விதிக்கும் நிபந்தனை ஒன்றுதான்: நேரில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், நிரையில் முடிந்தால் நேரில். மூன்று அசை கொண்டு நேரில் முடியும் காய்ச்சீருக்குப் பின் நேர் வரும். இடம் மாற்றியபோது 'கற்க' என்ற நேர் முடிவை அடுத்து 'கற்பவை' என்ற நேர்த் தொடக்கம் வந்தது, சீரும் சீரும் இணையும் கட்டான தளை தட்டியது.

'கசடற' என்பதற்குப் பதில் 'தெளிவாக' என்று போட்டால்? தெளி/வா/கக் நிரை நேர் நேர், புளிமாங்காய் என்ற காய்ச்சீர். முன்னும் பின்னும் தளை பொருந்துகிறது. ஆனால் நான்கு சீரும் ககரத்தில் தொடங்கும் முற்றுமோனை போய்விடும். அடியின் ஓட்டமே அந்த மோனையில்தான் இருக்கிறது என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் அடி. பேச்சு வழக்கில் 'அதற்குத் தக நிற்க' என்றுதான் வரும். அப்படி எழுதினால் 'கற்றபின்' என்ற நிரை முடிவுக்குப் பின் மறுபடியும் நிரை வந்து தளை தட்டும். ஈற்றுச் சீரும், வெண்பா அங்கே கேட்கும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் எதுவுமாக இராது. 'தக' இருந்தால்தான் மலர் என்ற ஓரசைச் சீர் கிடைக்கும். யாப்பு 'நிற்க' என்பதை அடியின் தலைக்குக் கொண்டுவருகிறது. உடனே கற்க, நிற்க என இரண்டாம் எழுத்தில் றகர மெய் ஒன்றி எதுகை பிறக்கிறது. குறளின் இரண்டு கட்டளைகளும் இரண்டு அடிகளின் முதலில் நேருக்கு நேர் நிற்கின்றன.