முதல் மழையில் மீன் ஏன் செத்து மிதக்கிறது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரத்தில் சென்னை பட்டினப்பாக்கம் பக்கத்திலிருந்து எனக்குப் போன் வரும். "சார், ஆத்துல மடவையெல்லாம் செத்து மிதக்குது. எவனோ மருந்து கலந்துட்டான்." ஆற்றுத் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. அடையாறு முகத்துவாரத்துக்குப் போய்ப் பார்த்தால், பெரும்பாலான சமயம் மீன் செத்திருப்பது மூச்சுத் திணறி.

மீன் நன்றாக வாழ லிட்டருக்கு 4, 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். 2-க்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். கோடை முழுக்க மழைநீர்க் கால்வாய்களில் தேங்கிய சாக்கடையும் கறுப்புச் சேறும் முதல் மழையில் மொத்தமாக ஆற்றில் இறங்குகின்றன. அந்த அழுக்கை மட்கவைக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். முகத்துவாரம் திறந்திருந்தால் மீன் கடலுக்குத் தப்பிவிடும், கடல் ஏறி இறங்கும் ஓதத்தில் நல்ல தண்ணீரும் உள்ளே வரும். மணல் அடைத்திருந்தால் எங்கே போகும்?

இங்கே ஆண்டின் பெரும்பகுதி தென்காற்று எழுப்பும் அலைகள் மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஆற்றில் வேகமாகத் தண்ணீர் ஓடினால் வாசலில் சேரும் மணலைத் தள்ளிவிடும். நகரின் இன்னொரு ஆறான கூவத்துக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய துறைமுகம் மணலைத் தன் தெற்குப் பக்கத்தில் நிறுத்திவிட, மெரினா அகன்றது, கூவத்தின் வாய் அடைபட்டது.

சரி, வேகமான தண்ணீர் எங்கே போனது? அடையாறு ஏரிகளால் ஓடும் ஆறு. ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்த தண்ணீரும், மண்ணில் ஊறி மெல்லக் கசிந்த தண்ணீரும் மழை நின்ற பிறகும் ஆற்றுக்கு வந்துகொண்டிருந்தன. ஏரியைச் சுற்றி மனைப்பிரிவு போட்டு சிமென்ட் பூசியதும், பெய்த மழை இரண்டே நாளில் ஓடிவிடுகிறது. மிச்ச மாதங்களில் ஓடுவது நம் வீட்டுக் கழிவுநீர்.

இதன் மேல்தான் வெப்பமும் ஏறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடிக்கும், பிடித்ததை ஒரே மூச்சில் கொட்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 செ.மீ. பெய்தது. 2019 ஜூனில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. இரண்டுக்கும் இடையில் நான்கு ஆண்டுகூட இல்லை.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதத்தோடு கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். குஞ்சு வரும் பருவத்தில் வாசல் மூடியிருந்தால் அந்த ஆண்டு இறால் அங்கே இல்லை. வடசென்னை எண்ணூரில் வேறு விதமான இழப்பு. அங்குள்ள மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் தென் அமெரிக்கச் சிப்பி கழிமுகத் தரையைப் பாய்போல மூடிவிட்டது. மஞ்சள் மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லை. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்தவர்கள் வெறுங்கையோடு கரையேறுவதைப் பார்க்க மனசு கனக்கிறது.

இயந்திரம் வைத்து முகத்துவாரத்தைத் தூர்வாருவது மழைக்கு முன் அவசியம்தான். ஆனால் உள்ளிருந்து தள்ளத் தண்ணீர் இல்லாவிட்டால் மணல் சீக்கிரமே திரும்பிவிடும். அதனால் நான் கேட்பது வேறு. உங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் பாதாளச் சாக்கடையில் சேர்கிறதா, மழைநீர்க் கால்வாயில் சேர்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நான் போன அடுக்குமாடிகளில் பலருக்கு இது தெரியவே இல்லை. அப்புறம், வீட்டு வாசல் முழுக்க சிமென்ட் பூசாமல் கொஞ்சம் மண்ணை மண்ணாகவே விடுங்கள், மழை ஊறட்டும்.

மீன் மிதப்பதைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள், விடிவதற்குள் மாதிரி எடுக்க வேண்டும். வெயில் ஏறினால் தண்ணீரில் உள்ள பாசி ஆக்சிஜனை வெளியிட ஆரம்பிக்கும். மதியம் எடுத்த மாதிரியில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும்.