சிஐ சேவைக்குள் மெய்நிகர் இயந்திரம்: பச்சைக் குறியை நம்புமுன் பார்க்க வேண்டியவை

நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னர், தன்னைத் தாங்கும் இயந்திரத்தின் கர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதியையே) பயன்படுத்துகிறது. ஆகவே கர்னல் மாட்யூல் எழுதுபவருக்கும், பூட்லோடரைச் சோதிப்பவருக்கும், தம் நிரல் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் இயங்குகிறதா என்று பார்ப்பவருக்கும், ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் செயலியை ஓட்டுபவருக்கும் முழு மெய்நிகர் இயந்திரமே வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சிஐ சேவைகளில் (நிரல் மாறும்போதெல்லாம் அதைத் தானாகக் கட்டிச் சோதிப்பவை) இன்று அதற்கு வழி இருக்கிறது. ஆனால் நான் பரிசீலித்த அமைப்புகளில் பலவற்றில், சோதனை எந்த நிலையில் ஓடியது, உண்மையிலேயே ஓடி முடிந்ததா என்பதைப் பதிவுகளைக் கொண்டு உறுதிசெய்ய முடிவதில்லை.

வேலையை ஓட்டக் கிட்ஹப் தரும் லினக்ஸ் இயந்திரமான ரன்னரே மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகத்தில் ஹைப்பர்-வி என்ற மெய்நிகராக்க மென்பொருளின் மேல் ஓடும் ஒரு மெய்நிகர் இயந்திரம்தான். அதற்குள் நாம் இன்னொன்றை எழுப்பினால், ப்ராசஸரின் மெய்நிகராக்க வசதியை அடித்தளம் மேலே விட்டுக்கொடுக்க வேண்டும். 2017-இலேயே அஸூரின் சில இயந்திர வகைகளில் இவ்வசதி வந்துவிட்டது என்றாலும், கிட்ஹப்பின் சாதாரண லினக்ஸ் ரன்னர்களுக்கு 2024-இல்தான் அது அறிவிக்கப்பட்டது. அதுவரை ஆண்ட்ராய்டு அணிகள் பல, கட்டணம் மிகுந்த இன்டெல் மேக் ரன்னர்களை நாடியதற்கு இதுவே காரணம். அவற்றுக்குப் பின் வந்த ஆப்பிள் எம்1 ரன்னர்களில் அந்த வழி அடைபட்டுவிட்டது. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக ஓட்டும் உள்ளடுக்கு மெய்நிகராக்கம் அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படுவதில்லை என்றும், பயன்படுத்துவோர் தம் பொறுப்பிலேயே பயன்படுத்த வேண்டும் என்றும் கிட்ஹப்பின் ஆவணமே சொல்கிறது. வெளியீட்டை இத்தகைய சோதனையோடு பிணைத்து வைப்பவர்கள் அந்த வரியை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது.

நான் அதிகம் காணும் சிக்கல், லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்-இன் அனுமதியில் தொடங்குகிறது. ரன்னரில் கேவிஎம் சாதனக் கோப்பு இருந்தாலும், வேலையை நடத்தும் பயனருக்கு அதைத் திறக்கும் அனுமதி தொடக்கத்தில் இல்லாமல் போகலாம். லினக்ஸில் சாதனக் கோப்புகளை நிர்வகிக்கும் யுடெவ்-க்கு விதி ஒன்றை எழுதி அனுமதியை மாற்றுவது வழக்கம். அதைத் தவறவிட்டு, மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் கியூஎமு நிரலுக்குக் கேவிஎம் கிடைக்காவிட்டால் டிசிஜி-க்கு மாறிக்கொள் என்று கட்டளையிட்டிருந்தால், வேலை நிற்காது. ஒவ்வொரு இயந்திரக் கட்டளையையும் மென்பொருளே மொழிபெயர்த்து ஓட்டும் டிசிஜி, பல மடங்கு மெதுவாக அதே சோதனையை நடத்திக்கொண்டிருக்கும். அணியில் ஒருவர் காலவரம்பைக் கூட்டுவார், பிறகு இன்னொருவர் கூட்டுவார். ஒரு வேலைக்கு 6 மணி நேரம்தான் என்ற வரம்பை எட்டும்போதுதான் காரணத்தைத் தேடுவார்கள். வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: டிசிஜி-யில் ப்ராசஸரின் வசதிகளும் த்ரெட்டுகள் மோதிக்கொள்ளும் கால ஒழுங்கும் மாறிவிடுவதால், அங்கே வெளிப்படாத பிழை உண்மையான வன்பொருளில் வெளிப்படக்கூடும். ஆகையால் மாற்று வழியை நீக்கிவிட்டு, கேவிஎம் இல்லையென்றால் வேலை உடனே தோற்கட்டும் என்று எழுதுங்கள். கெஸ்டுக்குள் (உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரத்துக்குள்) சிஸ்டம்டியின் டிடெக்ட்-வர்ட் கட்டளையை ஓட்டினால், வன்பொருள் முடுக்கம் இருக்கும்போது கேவிஎம் என்றும் இல்லாதபோது கியூஎமு என்றும் காட்டும். அந்த ஒரு சொல் ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும்.

கேவிஎம் கிடைத்த பிறகும் வேகம் சீராக இருக்காது. கணக்கீடு மட்டும் செய்யும் நிரல் ஏறத்தாழ இயல்பாகவே ஓடும். வட்டையும் வலையமைப்பையும் அடிக்கடி தொடும் நிரலோ, ஒவ்வொரு முறையும் அடித்தள ஹைப்பர்வைசர் வரை சென்று திரும்ப வேண்டியிருப்பதால் தடுமாறும். எனவே கெஸ்ட் எழ ஆகும் நேரமும் மாறும்; முப்பது நொடி உறங்கி எழுந்து எஸ்எஸ்ஹெச்-ஐத் தட்டுவதற்குப் பதிலாக, கெஸ்டை முதல் துவக்கத்தில் அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் முடிந்ததா என்று கேட்டுக் காத்திருப்பதே சரி.

அடுத்தது வெளியேறு குறியீடு, அதாவது நிரல் முடியும்போது தரும் எண்; பூஜ்ஜியம் என்றால் வெற்றி. கெஸ்ட் கர்னல் பேனிக் ஆனதும் (மீள முடியாத பிழையில் நின்றதும்) மறுதுவக்கம் செய்யும்படியும், மறுதுவக்கத்தின்போது கியூஎமு வெளியேறும்படியும் அமைப்பது பலருடைய வழக்கம். அந்நிலையில் கியூஎமு பூஜ்ஜியத்தோடு வெளியேறுகிறது, சிஐ அதை வெற்றி என்று எடுத்துக்கொள்கிறது. சோதிக்க வந்த கர்னலே விழுந்துகிடக்க, திரையில் பச்சைக் குறி தெரியும். பைப் வழியாக, வெளியீட்டைக் கோப்பிலும் பதியும் டீ (tee) கட்டளைக்கு அதை அனுப்பும்போதும் இதே கதைதான்: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஷெல் எது என்று குறிப்பிடாமல் விட்டால் பாஷ், பைப்ஃபெயில் (பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி எனக் காட்டும் அமைப்பு) இல்லாமலே ஓடுகிறது, ஷெல் பாஷ் என்று வெளிப்படையாக எழுதினால்தான் அது சேர்கிறது. சோதனைகள் எல்லாம் முடிந்தபின் கெஸ்ட் தானே ஒரு வெற்றி வரியை சீரியல் கன்சோலில் எழுத வேண்டும், அந்த வரி இல்லையென்றால் வேலை தோல்வி என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, உள்ளே ஒரு விஎம் (மெய்நிகர் இயந்திரம்) இருப்பதாலேயே தனிமை கிடைத்துவிடுவதில்லை. பணியிட அடைவு முழுவதையும் கெஸ்டோடு பகிர்ந்தால், ரெப்போவின் நிரலை ரன்னருக்கு இறக்கும் செக்அவுட் ஆக்‌ஷனின் பழைய பதிப்புகள் கிட் அமைப்புக் கோப்பில் விட்டுவைக்கும் அணுகல் டோக்கனும் சேர்ந்தே போகிறது. கிளவுட்-இனிட் வழியாகக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, சோதனை தோற்றால் வட்டு இமேஜை, பின்னர் இறக்கிக்கொள்ளத்தக்க ஆர்டிஃபாக்டாகச் சேமிப்பவர்களும் இருக்கிறார்கள். பொது ரெப்போவில் அதைக் கிட்ஹப் கணக்குள்ள எவரும் இறக்கிக்கொள்ளலாம். விஎம்-ஐ எழுப்பித் தரும் ஆக்‌ஷன்கள் வெளியார் எழுதியவை, அவை இறக்கும் இமேஜும் வெளியார் கட்டியது. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் நிரல் தாக்கப்பட்டபோது, பழைய பதிப்புக் குறிச்சொற்களே தீய நிரலுக்குத் திருப்பப்பட்டன. குறிச்சொல்லுக்குப் பதில் முழு கமிட் ஹாஷைக் (அந்தப் பதிப்புக்கே உரிய மாறாத அடையாளத்தை) குறிப்பிட்டு வைத்தவர்களை அந்தத் திருப்பம் தொடவில்லை. இமேஜுக்கும் செக்சம் சரிபார்ப்பு அவ்வாறே வேண்டும்.

வேகம் போதவில்லை என்று சொந்த ரன்னருக்கு மாறுவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கிட்ஹப்பின் ரன்னர் வேலை முடிந்ததும் அழிந்துவிடும், அதில் பயனருக்கு ஏற்கெனவே சூடோ (நிர்வாகி உரிமை) உண்டு. ஆகவே அங்கே கேவிஎம் கோப்பை எல்லோருக்கும் திறந்துவிடுவதால் புதிதாக இழப்பதற்கு எதுவும் இல்லை. நீடித்து ஓடும் சொந்த இயந்திரத்தில் அதே விதியை ஒட்டாமல், ரன்னர் பயனரை மட்டும் கேவிஎம் குழுவில் சேர்க்க வேண்டும். ஃபோர்க்கிலிருந்து (பிறர் எடுத்த நகலிலிருந்து) வரும் புல் ரிக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) அந்த இயந்திரத்தில் எதையும் ஓட்டிப் பார்க்க முடியும் என்பதால், பொது ரெப்போவோடு அதை இணைக்கவே கூடாது.