விதையை நீட்டும் முன் பதிவு: சத்து மிகுந்த காய்கறி ரகம் வைத்திருப்பவர்களுக்கு

ஒரு கத்தரியையோ தக்காளியையோ நிறம் பார்த்து, ருசி பார்த்து, வருடக்கணக்கில் பொறுக்கி விதை எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதில் சத்து அதிகம் என்ற பேச்சு வெளியே போனதும் ஆட்கள் தேடி வருவார்கள். "ஆராய்ச்சிக்கு ஒரு கைப்பிடி விதை கொடுங்க" என்பார்கள். நம் ஆட்களும் ஒரு துண்டுச் சீட்டு கூட வாங்காமல் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நாலைந்து வருடம் கழித்து அதே காய் வேறு பெயரில், வண்ணப் பாக்கெட்டில் கடைக்கு வரும்போது கேட்க ஒன்றும் இருக்காது. இதைத் தடுக்க ஒரு சட்டம் இருக்கிறது: பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001. விண்ணப்பம் போகவேண்டிய ஆணையம் புது தில்லியில் இருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். சத்து அதிகம் என்பதற்காக மட்டும் இந்தச் சட்டத்தில் ரகம் பதிவாகாது. மற்ற ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும், செடிக்குச் செடி ஒரே மாதிரி இருக்க வேண்டும், தலைமுறை தாண்டியும் மாறாதிருக்க வேண்டும். சோதனை வயலில் ஆட்கள் பார்ப்பது இலை வடிவம், பூ நிறம், காயின் வடிவம், சதை நிறம் போன்றவற்றைத்தான். எனவே விண்ணப்பத்தில் "ரத்தசோகைக்கு நல்லது" என்று பக்கம் நிரப்பாதீர்கள். காம்பில் முள் உண்டா, பிஞ்சிலும் பழத்திலும் என்ன நிறம், அருகில் உள்ள எந்த ரகத்திலிருந்து எதில் வேறுபடுகிறது என்று எழுதுங்கள்.

கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். உழவர், உழவர் குழு, கிராம சமூகம் ஆகியோர் ஆணையத்திலோ பதிவாளரிடமோ எந்தக் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை. சட்டத்தின் 44-வது பிரிவு. "ஃபீஸ் கட்டணும், நான் பார்த்துக்கறேன்" என்று யாராவது காசு கேட்டால் அது அவர் பைக்குத்தான்.

எந்த வகையில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். படிவத்தில் "புதிய ரகம்" என்று ஒரு கட்டம், "உழவர் ரகம்" (உழவர்கள் தங்கள் வயலிலேயே வளர்த்து உருவாக்கிய ரகம்) என்று ஒரு கட்டம். நாம் உருவாக்கியதுதானே, புதியதுதானே என்று முதல் கட்டத்தில் டிக் போடுவது இயல்பு. ஆனால் விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டுக்கு முன்பே அந்த விதையை இந்தியாவில் விற்றிருந்தால் அது புதிய ரகம் ஆகாது. உழவர் ரகத்துக்கு அந்தப் புதுமை நிபந்தனை இல்லை. செடிக்குச் செடி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதிலும் சலுகை உண்டு: மற்ற ரகங்களுக்கு அனுமதிக்கும் மாறுபட்ட செடிகளைப் போல் இரு மடங்கு வரை ஏற்பார்கள். விதையை ஏற்கெனவே சந்தையில் விற்றுக்கொண்டிருப்பவர் தயங்காமல் "உழவர் ரகம்" என்றே போடவேண்டும். இன்னொன்று, பயிர் அரசிதழில் அறிவிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கத்தரி, தக்காளி, வெண்டை, வெங்காயம், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு பட்டியலில் உள்ளன. பட்டியலில் இல்லாத கீரைக்கு ஆறு மாதம் அலைந்து தாள் சேர்த்துப் பயனில்லை. பட்டியலில் இருந்தாலும் உழவர் ரகத்துக்குக் காலக்கெடு உண்டு. இந்த இரண்டையும் கேட்டுவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள்.

அடுத்தது கையெழுத்து வேட்டை. உழவர் ரக விண்ணப்பத்தோடு வரும் இணைப்பில் ஒருவர் ஒப்புதல் தரவேண்டும்: பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் (ஊரின் பயிர், உயிரின வளத்தைக் கவனிக்கும் ஊராட்சி அளவிலான குழு) தலைவர் அல்லது செயலர், மாவட்ட வேளாண் அலுவலர், வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர், மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலர். இவர்களில் ஒருவர் போதும், நால்வரும் வேண்டாம். பல்லுயிர்க் குழு பல ஊர்களில் பலகையில் மட்டும் இருக்கிறது. வேளாண் அலுவலகத்தில் "காய்கறியா, தோட்டக்கலைக்குப் போங்க" என்பார்கள். தோட்டக்கலையில் "படிவத்தில் எங்க பேரே இல்லையே" என்பார்கள். சொன்னது ஒருவகையில் சரிதான், அலைவது மட்டும் நீங்கள். ஆகவே வாய்ப்பேச்சோடு போகாதீர்கள். கையெழுத்திடத் தகுதியுள்ளவர்களின் பட்டியல் அச்சாகியிருக்கும் பக்கத்தைப் பிரதி எடுத்து, மனுவின் மேல் வைத்து, தபால் பிரிவில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். தேதி போட்ட அந்த ஒப்புகை அடுத்த மேசையில் உங்களுக்காகப் பேசும்.

அனுப்பும் விதை மருந்து கலக்காததாக, நல்ல முளைப்புத் திறனோடு இருக்க வேண்டும். கெட்டுப்போகக் கூடாதென்று பூஞ்சாணக்கொல்லி கலந்து அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். வேறு ரகத்தின் மகரந்தம் கலப்பது அதைவிடப் பெரிய தொல்லை. கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர்தான், ஆனாலும் வண்டும் தேனீயும் விடுமா? நாளை மலரப்போகும் மொட்டை இன்று மாலையே மெல்லிய துணிப்பையால் மூடி நூலால் கட்டுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் வண்ணநூல் கட்டி, பழுத்தபின் அந்தக் காயில் மட்டும் விதை எடுங்கள். பக்கத்து வயலில் வேறு கத்தரி இருந்தும் இதைச் செய்யாதவர் விதைதான் சோதனை வயலில் நாலு நிறமாகக் காய்த்து நிற்கும்.

பெயரிலும் கவனம் வேண்டும். வெறும் எண்களைப் பெயராக வைக்க முடியாது. இல்லாத குணத்தைச் சொல்லி மயக்கும் பெயரும் ஆகாது. "சர்க்கரைக்கொல்லி" என்று வைத்தால் அங்கேயே நிற்கும். ஊர்ப்பெயரை மறுக்கவும் பதிவாளருக்கு இடமிருக்கிறது.

ஆய்வக அறிக்கை விண்ணப்பத்தைவிட விலைபேசும் இடத்தில்தான் உதவும், அதையும் சரியாக வாங்க வேண்டும். குஜராத்தின் ஜூனாகத் மாவட்ட உழவர் வல்லப்பாய் மார்வானியா தெரிவு முறையில் (நல்ல செடிகளை மட்டும் பொறுக்கி விதை எடுத்து) உருவாக்கிய மதுவன் கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது). அதில் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து) கிலோவுக்கு 277.75 மில்லிகிராம். இது உலர் எடைக் கணக்கு, அதாவது தண்ணீரை நீக்கியபின் உள்ள எடைக்கு. கேரட்டில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர் என்பதால் பச்சைக் கேரட்டுக்கு அதை எட்டில் ஒன்றாகப் படிக்க வேண்டும். உங்கள் பச்சை எடை அறிக்கையை வேறொருவரின் உலர் எடை எண்ணோடு ஒப்பிட்டு ரகத்தை மட்டம் தட்ட வருபவர்கள் உண்டு. மண், வெயில், அறுவடை வயது எல்லாம் இந்த எண்ணை மாற்றும். அதனால் வழக்கமான ரகம் ஒன்றையும் அதே வயலில் நட்டு, ஒரே நாளில் பறித்து, இரண்டையும் சேர்த்துச் சோதனைக்குக் கொடுங்கள். வெயிலில் கிடந்த மாதிரியில் கரோட்டின் குறைந்துவிடும். ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள்.

சான்றிதழ் வந்தபின்னும் மூன்று விஷயம் நினைவிருக்கட்டும். காய்கறிக்கு முதல் பதிவு 6 ஆண்டு. புதுப்பித்தால் மொத்தம் 15 ஆண்டு. தேதியைத் தவறவிட்டால் உரிமை போய்விடும். இரண்டாவது, சான்றிதழ் விதைக்கடை உரிமம் ஆகாது. கடை போட்டு விற்க 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தனி உரிமம் வேண்டும். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: பதிவு செய்த ரகத்தையும் ஆராய்ச்சியாளர் வேறொன்றோடு கலப்பினம் செய்து புது ரகம் உருவாக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் அந்தப் புது விதையை வணிகத்துக்கு உற்பத்தி செய்ய உங்கள் ரகம் திரும்பத் திரும்பப் பெற்றோராகத் தேவைப்பட்டால் உங்கள் அனுமதி வேண்டும். அவர்கள் பதியும் ரகத்தில் உங்கள் விதை கலந்திருந்தால் அதில் வரும் பலனில் ஒரு பங்கும் கேட்கலாம். கேட்பதற்கு ஆதாரம்? விதை கொடுத்த தேதி, அளவு, வாங்கியவர் பெயர், நோக்கம், பிறருக்குத் தரக்கூடாது என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து. வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குபவருக்கு விதை வேண்டாம், காயை மட்டும் சமைத்துப் போட்டு அனுப்புங்கள்.